டிராக் ரேஸ் காருக்கு வீல் ஸ்டட்டும் லக் நட்டும்: எதை வைத்து எதைத் தேர்வது

கேள்வி இது. 1989 மாடல் ஃபோர்டு மஸ்டாங் 5.0, ஐந்து கியர் மேனுவல். பின்னால் 8.8 அங்குல ஆக்சில். கம்பெனியில் நாலு போல்ட்டாக வந்ததை ஐந்து போல்ட்டாக மாற்றியாயிற்று. 15 அங்குல அலுமினிய ரேஸ் வீல், 26 அங்குல உயர ஸ்லிக் டயர் (பள்ளக்கோடு இல்லாத ரேஸ் டயர்). ஓட்டுபவரோடு சேர்த்து 3,100 பவுண்டு. டிராக் ரேஸில், அதாவது நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் ஓடும் பந்தயத்தில், கால் மைலை 11.5 நொடியில் முடிக்க வேண்டும். இதற்கு அரை அங்குல ஸ்டட் (ஆக்சிலிலிருந்து நீட்டி வீலைத் தாங்கும் மரையுள்ள கம்பி) போதுமா, 5/8 அங்குலம் போட வேண்டுமா, அதில் முறுக்க எந்த லக் நட் வாங்குவது?

முதலில் நேரடிப் பதில். நல்ல தரமான அரை அங்குல ஸ்டட் உங்கள் காருக்குப் போதும். ஆனால் இப்போது இருப்பதைவிட நீளமானது வேண்டும். நட் உங்கள் வீலின் துளைக்கு ஏற்றதாக, முனை திறந்ததாக, இரும்பில் இருக்க வேண்டும். 5/8 எப்போது தேவைப்படும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். எல்லோரும் ஸ்டட்டின் தடிமனில்தான் தொடங்குகிறார்கள். நான் கடைசியாகப் பார்ப்பது அதைத்தான். வீல்தான் நட்டைத் தீர்மானிக்கிறது. நட்டும் வீலும் சேர்ந்து ஸ்டட்டின் நீளத்தைத் தீர்மானிக்கின்றன. தடிமன் அதற்குப் பிறகுதான்.

ஏன் இந்த வரிசை என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பொறுமையாகப் படியுங்கள், இது பிடிபட்டால் மீதி எல்லாம் தானாக வந்துவிடும்.

பச்சை விளக்கு விழுந்து கிளட்ச்சை விட்டதும் உங்கள் கார் புவியீர்ப்பைப் போல 1.3 மடங்கு முடுக்கத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த வேகத்தில் ஓடும் காருக்கு இது மிகையான எண் இல்லை. 3,100 பவுண்டை 1.3 ஆல் பெருக்கினால் சுமார் 4,000 பவுண்டு தள்ளுவிசை. பின்டயர் ஒன்றுக்கு 2,000. டயரின் ஆரம் 13 அங்குலம். ஆக ஒவ்வொரு பின்வீலும் ஆக்சிலிடமிருந்து வாங்கும் முறுக்கு ஏறக்குறைய 2,170 அடி-பவுண்டு.

இந்த முறுக்கை ஆக்சில் ஃபிளாஞ்சிலிருந்து, அதாவது ஸ்டட்டுகள் நிற்கும் ஆக்சில் முனைத் தட்டிலிருந்து, வீலுக்குக் கடத்துவது எது? ஸ்டட் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. வீலின் முதுகும் பிரேக் டிஸ்க்கின் முகமும் ஒன்றோடொன்று அழுந்தி நிற்பதால் உண்டாகும் உராய்வுதான் கடத்துகிறது. ஸ்டட் ஓர் இழுத்துக் கட்டிய ஸ்பிரிங். நட்டை முறுக்கும்போது அது மயிரிழை அளவுக்கு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த இழுப்பில்தான் வீல் ஃபிளாஞ்சோடு ஒட்டி நிற்கிறது.

அந்த இழுப்பு எவ்வளவு? மரையில் எண்ணெய் இல்லாத அரை அங்குல ஸ்டட்டை 85 அடி-பவுண்டுக்கு முறுக்கினால் கிடைக்கும் பிடிப்பு சுமார் 10,200 பவுண்டு. ஐந்துக்கும் சேர்த்து 51,000, அதாவது 23 டன். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் உராய்வெண் 0.2 என்று எடுத்து, உங்கள் போல்ட் வட்டத்தின் ஆரம் 2.25 அங்குலம் என்று வைத்தால், வீல் வழுக்காமல் தாங்கும் முறுக்கு 1,910 அடி-பவுண்டு. தேவை 2,170. கொஞ்சம் குறைகிறது. 100 அடி-பவுண்டுக்கு முறுக்கினால் 2,250 தாங்கும், அதாவது மயிரிழையில் தப்பிக்கிறது. யாரோ அவசரத்தில் 60-க்கு மட்டும் முறுக்கிவிட்டுப் போனால் 1,350 தான். ஒவ்வொரு லாஞ்சிலும் (கிளட்ச்சை விட்டுக் கிளம்பும் கணத்தில்) வீல் ஃபிளாஞ்சின் மேல் ஒரு நூலளவு வழுக்கும். துளைக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அளவுக்கு நகர்ந்து, ஸ்டட்டின் பக்கவாட்டில் போய் இடிக்கும்.

உராய்வெண் இடத்துக்கு இடம் மாறும், முறுக்கிலிருந்து பிடிப்பைக் கணிக்கும் சூத்திரமும் துல்லியமானது இல்லை. அதனால் இந்த எண்களைத் தராசில் நிறுத்த மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்று தெளிவு: டிராக் ரேஸில் நாம் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே வேலை செய்கிறோம். சாதாரணமாக ரோட்டில் ஓடும் காருக்கு இந்த நெருக்கடி கிடையாது.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். உராய்வே இல்லை, ஐந்து ஸ்டட்டும் பக்கவாட்டு வெட்டு விசையை மட்டும் தாங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரேடு 8 என்ற போல்ட் தரத்துக்குக் குறைந்தபட்ச இழுவலிமை 1,50,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). வெட்டு வலிமை அதில் ஏறக்குறைய அறுபது சதவீதம். அரை அங்குல நுண்மரை ஸ்டட்டின் குறுக்குப் பரப்பு 0.16 சதுர அங்குலம். ஐந்தும் ஒரே நேரத்தில் சமமாகச் சுமந்தால் 13,500 அடி-பவுண்டு வரை தாங்கும். உங்கள் தேவையைப் போல ஆறு மடங்கு. அப்படியென்றால் அரை அங்குல ஸ்டட் கத்தரித்தாற்போல வெட்டுப்பட்டுப் போகவே கூடாது. ஆனால் ஓடுதளத்தில் ஸ்டட் உடைவதைப் பார்க்கிறோமே?

உடைவது வெட்டுப்பட்டு அல்ல, வளைந்து. வீல் தளர்ந்துவிட்டால் சுமை ஐந்திலும் சமமாக விழாது. துளையில் முதலில் இடிக்கும் ஒன்றோ இரண்டோ மொத்தத்தையும் வாங்கும். நடுவில் பிரேக் டிஸ்க்கின் தடிமன் இருப்பதால், ஸ்டட் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி மாதிரி வளையும். இரண்டு ஸ்டட் மட்டும் சுமையை வாங்கி, ஃபிளாஞ்சிலிருந்து 0.3 அங்குலம் தள்ளி அந்த விசை விழுந்தால், மரையின் அடியில் வரும் வளைவு அழுத்தம் 2,00,000 பிஎஸ்ஐ-யைத் தாண்டுகிறது. எந்த கிரேடு 8 இரும்பும் அதைப் பலமுறை தாங்காது. முதல் லாஞ்சில் உடையாவிட்டாலும் மரையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அடுத்தடுத்த ஓட்டத்தில் அது வளரும். ஒன்று போனதும் அதன் சுமை பக்கத்து ஸ்டட்டுக்கு.

சில வருடங்களுக்கு முன் ஓடுதளத்தில் நண்பர் ஒருவரின் காரிலிருந்து எடுத்த உடைந்த ஸ்டட் ஒன்று இன்னும் என் டூல் பெட்டியில் இருக்கிறது. ஃபிளாஞ்சை ஒட்டிய இரண்டாவது மரையில் உடைந்திருக்கிறது. உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் ஒரு ஓரத்தில் மழமழவென்று, குளத்துக் கரையில் தண்ணீர் வற்றிய தடம் மாதிரி வளைவளைவாகக் கோடுகள் தெரியும். அந்தப் பகுதி பல ஓட்டங்களில் மெதுவாகக் கீறிக்கொண்டே வந்தது. மறுபக்கம் சொரசொரவென்று சாம்பல் நிறம். அது கடைசி நொடியில் ஒரேயடியாகப் போனது. மழமழப்பான பகுதி முக்கால்வாசி. அதாவது அந்த ஸ்டட் ரொம்ப நாளாகவே கால்வாசி இரும்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைவிடத் தடிமனான ஸ்டட் போட்டிருந்தால் இன்னும் சில ஓட்டங்கள் கூடுதலாக வந்திருக்கும், அவ்வளவுதான். நோய் பிடிப்பில் இருந்தது.

பிடிப்பு எங்கே தொலைகிறது? பெரும்பாலும் நட் உட்காரும் இடத்தில், அதாவது இருக்கையில். அதனால்தான் வீலிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

உங்கள் வீலைக் கழற்றித் துளையை முன்பக்கத்திலிருந்து பாருங்கள். துளையின் வாய் கூம்பு மாதிரி சரிந்திருந்தால் அதற்கு 60 டிகிரி கூம்பு நட். கிண்ணம் மாதிரி உருண்டிருந்தால் அது உருண்டை இருக்கை, ஹோண்டாவின் கம்பெனி வீல்களில் பார்க்கலாம். சரிவே இல்லாமல் தட்டையாக, உள்ளே உருளை வடிவில் நேராக இறங்கினால் அது ஷாங்க் நட்டுக்கான வீல். ரேஸ் வீல்கள் பலவும் இந்த வகைதான். ஷாங்க் நட் என்றால் ஆறுமூலைத் தலைக்குக் கீழே ஒரு உருளை நீட்டிக்கொண்டிருக்கும், அதோடு ஒரு தட்டை வாஷர் வரும். அந்த உருளை துளைக்குள் இறுக்கமாக நுழைந்து வீலை மையத்தில் நிறுத்தும். வாஷர் அகலமான பரப்பில் அழுத்தும்.

கூம்பு இருக்கையில் உருண்டை நட்டைப் போட்டால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும்தான் தொடும். முறுக்கும்போது டார்க் ரெஞ்ச் (வைத்த முறுக்கு வந்ததும் ஒலி எழுப்பும் ஸ்பேனர்) சரியாக 'டிக்' என்று சொல்லும். இரண்டு ஓட்டத்தில் அலுமினியம் நசுங்கி அந்த வளையம் அகலமாகும். நசுங்கிய அளவுக்கு ஸ்டட்டின் நீட்சி குறையும், பிடிப்பும் போகும். தட்டை இருக்கையில் கூம்பு நட் போடுவது இதைவிட மோசம்.

ஷாங்க் நட் வாங்கும்போது விட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு நீளத்தை மறந்துவிடுகிறார்கள். இதை மேசை மேலேயே சோதித்துவிடலாம். வீலைக் கழற்றி மேசையில் வையுங்கள். நட்டை வாஷரோடு துளைக்குள் விடுங்கள். வீலின் முதுகுப் பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஷாங்க்கின் முனை வீலின் முதுகுக்கு வெளியே ஒரு இழை நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்த நட் உதவாது. காரில் மாட்டி முறுக்கும்போது ஷாங்க் போய் பிரேக் டிஸ்க்கில் முட்டி நின்றுவிடும். டார்க் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும், நீங்கள் நம்பிப் போவீர்கள், வீல் மட்டும் உள்ளே தளர்வாக ஆடிக்கொண்டிருக்கும். ஷாங்க் ரொம்பக் குட்டையாக இருந்தாலும் சரியில்லை. துளையின் உள்ளே கொஞ்சமே நுழைவதால் மையப்படுத்தும் வேலை நடக்காது.

பழைய வீல்களில் ஒரு வகை உண்டு: துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும், பல போல்ட் வட்டங்களுக்குப் பொருந்த. அதோடு மையம் தள்ளிய வாஷர் வரும். ரோட்டு ஓட்டத்துக்கு எப்படியோ, ஸ்லிக் டயர் போட்டு கிளட்ச்சை விடும் காரில் அதை நான் மாட்டவே விடமாட்டேன். உருளை முழுச்சுற்றும் தொடாத இடத்தில் வீலைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை.

வீல் இருக்கையில் பெயின்ட்டோ பவுடர் கோட்டிங்கோ இருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். முதுகுப் பக்கம் டிஸ்க்கில் உட்காரும் இடத்திலும் அப்படியே. ஒரு முறை புதிதாகக் கோட்டிங் செய்த வீலோடு வந்தவருக்கு முதல் ஓட்டம் முடிந்ததும் நான் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். கொட்டகையில் சரியான டார்க்குக்கு முறுக்கிய ஐந்து நட்டும் கால் சுற்றுக்கு மேல் திரும்பின. நட் தளரவில்லை. கோட்டிங் நசுங்கி வெளியே பிதுங்கியிருந்தது. வாஷரைச் சுற்றி மெல்லிய வளையமாக அது உரிந்து நின்றதை விரல் நகத்தால் எடுக்க முடிந்தது. இன்னொன்றையும் பாருங்கள்: கம்பெனியிலிருந்து வந்த டிரம் அல்லது டிஸ்க் கீழே விழாமல் இருக்க ஸ்டட்டில் மெல்லிய தகட்டு வளையம் ஒன்றைச் செருகியிருப்பார்கள். அதை எடுக்காமல் அலுமினிய வீலை மாட்டினால் வீல் முழுப்பரப்பிலும் உட்காராது. பிடுங்கிப் போட்டுவிடலாம், வேறு வேலை அதற்கு இல்லை.

அடுத்து நீளம். அமெரிக்க டிராக் ரேஸை நடத்தும் என்எச்ஆர்ஏ விதி இதில் தெளிவாக இருக்கிறது. நட்டின் ஆறுமூலைப் பகுதியில் மரை பிடித்திருக்கும் நீளம் ஸ்டட்டின் விட்டத்துக்குக் குறையக் கூடாது. ஸ்டட் வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது கணக்கில் இல்லை. அரை அங்குல ஸ்டட்டுக்கு அரை அங்குலம் மரை பிடித்திருக்க வேண்டும். அளவுகோலே வேண்டாம், சுற்றை எண்ணினால் போதும். அரை அங்குலம் 20 மரை என்றால் அங்குலத்துக்கு 20 சுற்று, ஆக நட் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து இருக்கையைத் தொடும் வரை 10 முழுச் சுற்று. 12×1.5 மில்லிமீட்டர் (விட்டம் 12, மரை இடைவெளி 1.5) ஸ்டட்டுக்கு 8 சுற்று. 14×1.5-க்கு ஒன்பதும் மூன்றில் ஒரு பங்கும், நீங்கள் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஜிஎம் கார்களின் 7/16 அங்குலத்துக்கு 9. 5/8 அங்குலம் 18 மரைக்கு பதினொன்றேகால், 12 என்று வையுங்கள். ஆனால் ஷாங்க் நட்டில் மரை சில சமயம் ஷாங்க்குக்குள்ளேயே தொடங்கிவிடும். அப்போது சுற்றை எண்ணினால் அதிகமாகக் காட்டும். ஆறுமூலைப் பகுதிக்குள் எவ்வளவு நுழைந்திருக்கிறது என்று தனியாக அளந்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று வெர்னியர் வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஃபிளாஞ்சின் வெளிமுகத்திலிருந்து கூட்டிக்கொண்டே போங்கள்: டிஸ்க்கின் தடிமன், துளையருகே வீலின் தடிமன், வாஷர், நட்டின் ஆறுமூலைப் பகுதி முழுவதும். உதாரணமாக 0.28, 0.55, 0.12, 0.80 என்று வந்தால் மொத்தம் 1.75 அங்குலம் ஃபிளாஞ்சுக்கு வெளியே நிற்க வேண்டும். அதோடு ஃபிளாஞ்சின் தடிமனைக் கூட்டினால் ஸ்டட்டின் தலைக்குக் கீழ் நீளம் வந்துவிடும். ரோட்டு ஓட்டத்துக்குக் கொடுத்த ஸ்டட் இந்த அளவுக்கு எட்டாது என்பதால்தான் மூன்று அங்குல ஸ்டட் டிராக் ரேஸில் வழக்கமாகிவிட்டது. நட்டுக்கு வெளியே ஸ்டட் ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டு நிற்பதில் தப்பில்லை. ஓடுதளத்தில் காரைச் சோதிக்கும் ஆய்வாளர் குனிந்து பார்த்தவுடன் மரை தெரியும், கேள்வி வராது.

நீள ஸ்டட் போட்டால் மூடிய முனை நட் போடக் கூடாது. தொப்பி மாதிரி மூடிய நட்டின் உள்ளே ஸ்டட் போய் முட்டிக்கொள்ளும், ஷாங்க் முட்டியதைப் போலவே பொய் இறுக்கம். திறந்த முனை நட் அழகாக இருக்காது, ஆனால் உள்ளே நடப்பது வெளியே தெரியும்.

நட்டின் உலோகம் இரும்பாகவே இருக்கட்டும். கலர் கலராக வரும் அலுமினிய நட்டுகள் எடை குறைவு என்று வாங்குவார்கள். ஸ்டட் கடினமான இரும்பு, நட் மென்மையான அலுமினியம். நாலு தடவை கழற்றி மாட்டினால் மரை உருண்டுவிடும். டிராக் ரேஸில் ஒரு நாளில் எத்தனை தடவை வீலைக் கழற்றுகிறோம்! உள்ளே பல் வைத்த மெல்லிய நட்டுகளையும் தவிர்த்துவிடுங்கள். அவற்றுக்குச் சாவி வேண்டும், பலவும் மூடிய முனை.

ஸ்டட்டைப் பற்றிப் பேசும்போது இரண்டு வகை. கம்பெனி ஆக்சிலில் இருப்பது பின்பக்கத்திலிருந்து அழுத்திச் செருகும் வகை. தலைக்குக் கீழே நர்லிங், அதாவது நெருக்கமான வரிகள், போட்டிருக்கும். அந்த வரிகள் ஃபிளாஞ்சின் துளைச்சுவரைக் கவ்விக்கொள்வதால் ஸ்டட் சுற்றாது. ரேஸுக்கென்று ஸ்ட்ரேஞ்ச், மோசர், மார்க் வில்லியம்ஸ் மாதிரி கம்பெனிகள் செய்யும் ஆக்சில்களில் ஃபிளாஞ்சிலேயே மரை போட்டு, ஸ்டட்டைத் திருகி ஏற்றும் வகை கிடைக்கும். அதைச் சிவப்பு மரைப்பசை போட்டு இறுக்குவார்கள். அழுத்தும் இயந்திரமான பிரஸ் இல்லாமலே மாற்றலாம் என்பது பெரிய வசதி.

நீங்கள் கம்பெனி ஆக்சிலையே வைத்திருப்பதாகத் தெரிகிறது. அழுத்தும் வகை வாங்கும்போது மரை அளவைவிட நர்லிங்கின் விட்டம் முக்கியம். அரை அங்குலம் 20 மரை என்ற ஒரே பெயரில் பல நர்லிங் அளவுகள் விற்கின்றன. பழைய ஸ்டட் ஒன்றைப் பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, நர்லிங்கையும் துளையையும் அளந்து, துளையைவிடச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பெரிதாக இருப்பதை வாங்குங்கள். சிறிதாக இருந்தால் நட்டைக் கழற்றும்போது ஸ்டட்டும் சேர்ந்து சுற்றும். அப்போது பின்னால் வெல்டிங்கில் ஒரு பொட்டு வைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். வெப்பத்தில் பதப்படுத்திய இரும்பைச் சூடாக்கினால் பதம் போய்விடும், பக்கத்தில் வெடிப்பும் விடும்.

செருகும்போது சுத்தியலால் அடிக்க வேண்டாம், இம்பாக்ட் கன் (அடித்தடித்துத் திருகும் கருவி) வைத்து நட்டால் இழுக்கவும் வேண்டாம். பிரஸ் இருந்தால் பிரஸ். இல்லையென்றால் சில கடின வாஷர்களை அடுக்கி, பழைய நட் ஒன்றைத் திருப்பிப் போட்டு, மரைக்கு எண்ணெய் விட்டுக் கைஸ்பேனரால் மெதுவாக இழுங்கள். தலை ஃபிளாஞ்சில் முழுவதும் உட்கார்ந்ததா என்று பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். கொஞ்சம் மிச்சமிருந்தால் முதல் லாஞ்சில் உள்ளே போகும், அந்த அளவுக்குப் பிடிப்பு காணாமல் போகும். நீள ஸ்டட்டின் தலை சில சமயம் தடித்திருக்கும். ஆக்சிலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, பின்னால் பிரேக் பாகம் எதிலும் உரசவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

தரத்துக்கு வருவோம். கிரேடு 8 குறைந்தபட்சம் 1,50,000 பிஎஸ்ஐ என்று சொன்னேன், மெட்ரிக்கில் 10.9 அதற்குச் சமம். ஏஆர்பி மாதிரி கம்பெனிகள் 8740 குரோம்-மாலி இரும்பில் செய்யும் ஸ்டட்டுகள் அதற்கும் மேலே, 1,80,000-ஐத் தாண்டும். உங்கள் காருக்கு நான் அதைத்தான் வாங்குவேன். வலிமைக்காக மட்டும் இல்லை. பதப்படுத்திய பிறகு உருட்டிப் போட்ட மரை, வெட்டிப் போட்ட மரையைவிட அயர்ச்சியை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையில் கீறல் வளர்வதை, பல மடங்கு தாங்கும், நாம் பயப்படுவதே அயர்ச்சிக்குத்தான். பெயர் இல்லாத மலிவு ஸ்டட்டில் எந்த மரை என்று தெரிந்துகொள்ள வழியில்லை. இவ்வளவு கடினமான இரும்பை வாங்கிய பின் குரோம் முலாம் பூசவோ, துருவை எடுக்க ஆசிட்டில் ஊறப்போடவோ கூடாது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து இரும்பை நொறுங்கும்படி செய்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இப்போது அந்த 5/8 கேள்வி. அரை அங்குலத்தோடு ஒப்பிட்டால் குறுக்குப் பரப்பு 60 சதவீதம் கூடுதல், வளைவை எதிர்க்கும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே இரும்பில் 60 சதவீதம் கூடுதல் பிடிப்பை வாங்க முடியும் என்பதுதான் உண்மையான லாபம். நீங்கள் இன்னும் பெரிய டயரும் இன்னும் அதிகச் சக்தியும் போட்டு ஒன்பது நொடிப் பக்கம் போவதாக இருந்தாலோ, எப்படியும் புது ஆக்சில் வாங்குவதாக இருந்தாலோ அப்போதே 5/8-க்குத் துளையிட்டு வாங்கிவிடுங்கள். என்எச்ஆர்ஏ ஓடுதளங்களில் 10.99 நொடிக்குள் ஓடும் காருக்கு ரேஸ் ஆக்சிலும், ஆக்சில் வெளியே வராமல் தடுக்கும் அமைப்பும் கட்டாயம். உங்கள் 11.5 அந்தக் கோட்டுக்கு அரை நொடி தள்ளித்தான் இருக்கிறது, ஆகவே அந்தச் செலவு என்றாவது வரும். ஆனால் இன்று இருக்கும் ஃபிளாஞ்சையும் வீலையும் ட்ரில் போட்டு அகலப்படுத்தி 5/8 ஏற்றும் வேலைக்குப் போகாதீர்கள். வீல் துளையை நாமே அகலப்படுத்தினால் மையம் தப்பும், துளைக்கும் ஓரத்துக்கும் நடுவே இருக்கும் அலுமினியமும் மெலியும். 5/8 ஏற்கும் வீலா என்று வீல் செய்தவரிடமே கேளுங்கள்.

மரை அளவில் ஒரு ஆபத்தான குழப்பம் இருக்கிறது. ஒரே கொட்டகையில் உங்கள் மஸ்டாங்கும் ஒரு பழைய நிசானும் நின்றால் கவனம். நிசானின் ஸ்டட் 12×1.25 மில்லிமீட்டர். அரை அங்குலம் 20 மரையின் இடைவெளி 1.27 மில்லிமீட்டர், விட்டம் 12.7. உங்கள் நட் அந்த ஸ்டட்டில் வெண்ணெயாக ஏறும். கொஞ்சம் லொடலொடவென்று இருக்கும், ஆனால் ஏறும், முறுக்கினால் இறுகவும் இறுகும். மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும், சுமை வந்தால் உருவிக்கொண்டு வரும். நட்டுகளை டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். கிறைஸ்லர் கார்களில் 1970 வாக்கு வரை இடப்பக்கத்து வீல்களுக்கு இடப்புரி மரை வந்தது. தெரியாமல் எதிர்த்திசையில் முறுக்கி உடைத்தவர்கள் நிறைய.

முறுக்கும் விதம். நட்டை எப்போதும் விரலால் தொடங்குங்கள். புது நட் கடைசி மரை வரை விரலிலேயே ஓட வேண்டும். நடுவில் பிடித்தால் அங்கே ஸ்டட் நீண்டு மரையின் இடைவெளி மாறியிருக்கிறது, அந்த ஸ்டட்டை மாற்ற வேண்டும். வீல் தரையில் படாமல் இருக்கும்போது நட்சத்திர வரிசையில் ஒன்று விட்டு ஒன்றாகப் பாதி டார்க் வரை, பிறகு ஜாக்கை இறக்கி முழு டார்க். எத்தனை என்பதற்கு வீல் செய்தவர் சொல்லும் எண்தான் கடைசி வார்த்தை. அரை அங்குலத்துக்கு அலுமினிய வீல்களில் 75 முதல் 85 என்று சொல்வது வழக்கம், உங்கள் மஸ்டாங்குக்கு ஃபோர்டு சொல்வது 85 முதல் 105. உங்கள் வீல்காரர் அனுமதிக்கும் வரம்பின் மேல்பக்கத்தில் இருங்கள். ஏன் என்று மேலே கணக்குப் பார்த்தோம்.

மரைக்கு எண்ணெய் போடலாமா என்று கேட்பீர்கள். டார்க் எண் எண்ணெய் இல்லாத மரைக்கா, எண்ணெய் உள்ள மரைக்கா என்பதைப் பொறுத்தது. எண்ணெய் விட்டுவிட்டு அதே 85-க்கு முறுக்கினால் பிடிப்பு மூன்றில் ஒரு பங்கு கூடி 13,600 பவுண்டுக்குப் போகும். மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையைத் தாராளமாகப் பூசினால் இன்னும் ஏறி, கிரேடு 8 ஸ்டட் தாங்கும் 19,200 பவுண்டுச் சோதனைச் சுமையை நெருங்கத் தொடங்கும். பூசுவதும் பூசாததும் உங்கள் விருப்பம், ஆனால் ஸ்டட் செய்தவர் எதைச் சொன்னாரோ அதை மட்டும், எல்லா ஸ்டட்டுக்கும் ஒரே மாதிரி. ஒன்றில் எண்ணெய், இன்னொன்றில் துரு என்று இருந்தால் ஐந்து நட்டிலும் 'டிக்' ஒன்றாகக் கேட்கும், பிடிப்பு ஐந்து விதமாக இருக்கும்.

இம்பாக்ட் கன் கழற்றுவதற்கு மட்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன், பிரேக் ஆறிய பிறகு, டார்க் ரெஞ்ச் ஒரு சுற்று. முதல் ஓட்டத்துக்குப் பிறகு நட் கொஞ்சம் திரும்பினால் புதுப் பாகங்கள் அமர்ந்திருக்கின்றன என்று பொருள். மூன்றாவது ஓட்டத்திலும் திரும்பினால் ஏதோ நசுங்கிக்கொண்டிருக்கிறது அல்லது நீண்டுகொண்டிருக்கிறது. அந்த வீலைக் கழற்றி இருக்கையைப் பார்க்காமல் லைனில் போய் நிற்காதீர்கள். ஒரு ஸ்டட் உடைந்தாலோ, ஒரு வீல் தளர்ந்து ஓடியிருந்தாலோ அந்தப் பக்கத்து ஐந்தையும் மாற்றுங்கள். நட்டுகளையும் சேர்த்து. மீதி நான்கிலும் அதே கீறல் தொடங்கியிருக்கும்.

முன்வீலை மறந்துவிட வேண்டாம். அங்கே இன்ஜின் முறுக்கு கிடையாது, ஆனால் முழு வேகத்திலிருந்து நிறுத்தும் பிரேக் அங்கேதான். முன்சக்கரம் தரையை விட்டு எழும்பி இறங்கும்போது வரும் அடியும் அங்கேதான். மெல்லிய முன்வீல் மாட்டும்போது அதன் மையத் தடிமன் பின்வீலிலிருந்து வேறுபடும். பின்னால் வாங்கிய நட் முன்னால் முட்டக்கூடும். மேசை மேல் செய்த அந்தச் சோதனையை முன்வீலுக்கும் தனியாகச் செய்யுங்கள்.

ஆய்வுக்குப் போகும்போது வீல் மூடிகள் இருந்தால் கழற்றியே கொண்டு போங்கள். நட் தளர்ந்திருக்கிறதா, வீலில் வெடிப்பு இருக்கிறதா, துளை தேய்ந்து பெரிதாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நீங்கள் ஸ்டட்டையும் வீலையும் அளந்து அந்த எண்களையும் வீலின் துளை வடிவத்தையும் எழுதினால், எந்த நீளம், எந்த ஷாங்க் என்று சரியாகச் சொல்லிவிடுகிறேன்.